ரெமிஜியஸ் பூசிய முலாம்

1997இல் சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிக்குத் திரும்பிய ரெமிஜியஸ், அங்கே போல்ட்டுகளுக்கு முலாம் பூசும் பட்டறையில் இருந்ததாகச் சொன்னார். பொய்யில்லை. மூன்று வருஷம் அந்தப் பட்டறையைப் பெருக்கினார். முலாம் தொட்டியிலிருந்து எடுத்த போல்ட்டுத் தட்டுகளை அடுப்பில் தள்ளினார். ஊரில் யாரும் அவ்வளவு விவரம் கேட்கவில்லை. அவரும் வலியப்போய்ச் சொல்லவில்லை.

கடைத்தெருவில் புதுப்புது மாடல் வண்டிகளாக வந்து இறங்கிய காலம் அது. அரிசி ஆலை பஞ்சநதத்துக்கு மட்டும், தன் அப்பா ஓட்டிய 1956ஆம் வருஷத்து மோட்டார் சைக்கிளை மறுபடி ஓட்டிப்பார்க்க ஆசை. சக்கரக் கம்பிகள் துருவேறிக் கிடந்தன.

"நம்ம வேலதாண்ணே," என்றார் ரெமிஜியஸ்.

கம்பிகளைக் கழற்றி, அமிலத்தில் ஊறவைத்துத் துருவை எடுத்து, நிக்கல் முலாம் பூசி, சக்கரத்தைக் கோட்டம் எடுத்து மாட்டினார். கம்பி ஒவ்வொன்றிலும் அவர் முகம் தெரிந்தது. அதை அவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மனைவி பாத்திமா மேரி பிறகு சொல்லிக்காட்டினாள்.

வெள்ளோட்டத்துக்குப் பஞ்சநதம் ஓட்ட, ரெமிஜியஸ் மாப்பிள்ளை மாதிரிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வடுவூர் தாண்டியதும் ஒரு கம்பி 'டிங்' என்று ஒடிந்தது. பிறகு இன்னொன்று. ஒன்பதாவது 'டிங்'குக்கு இருவரும் நாற்றங்கால் சேற்றில் கிடந்தார்கள். அடியொன்றும் இல்லை.

பஞ்சநதம் வாயிலிருந்த சேற்றைத் துப்பினார். "ரெமிஜியஸு, நெசமா சொல்லு. அங்க என்ன வேல பாத்தே?"

"கூட்டுனேண்ணே."

மறுநாள் தொலைபேசி பூத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பேசினார். பட்டறை மேஸ்திரி ஜெக்கரியா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பூசின கையோட அடுப்புல வச்சியா? வைக்கலேன்னா அமிலத்தோட வேகம் கம்பிக்குள்ளயே நின்னு முறுக்கு மாதிரி ஒடியும்யா. மூணு வருஷமா நீதானே தட்ட உள்ள தள்ளுனே. எதுக்குன்னு நெனச்சே?"

"ஈரம் காயறதுக்குன்னு நெனச்சேங்க."

அந்தப் பக்கம் ஜெக்கரியா சிரித்து முடிக்கும்வரை மீட்டர் ஓடியது.

ஒடிந்தது, ஒடியாதது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதுக் கம்பி வாங்கி, அளந்து வெட்டி, மரை போட்டு, முலாம் பூசினார். பூசிய கையோடு அப்துல் மஜீதின் பேக்கரிக்கு ஓடினார்.

"பன்னு எறக்குன பொறவு வச்சுக்குங்க," என்றார் மஜீது. "ஆனா இரும்பு வாசன வந்துச்சுன்னா உங்க பேரத்தான் சொல்லுவேன்."

நான்கு மணி நேரம் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பன் வாங்க வந்தவர்களெல்லாம் எட்டிப்பார்த்து, எப்போது வேகும் என்று விசாரித்தார்கள். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா," என்றார்.

அந்தக் கம்பிகள் ஒடியவில்லை. அடுத்த வருஷமே திருச்சியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பழைய வண்டிகள் வர ஆரம்பித்தன. முடித்த வண்டி எதுவானாலும் முதலில் அவரே நீடாமங்கலம் வரை ஓட்டிவிட்டு வருவார், மாட்டுவண்டி முந்திப்போகும் வேகத்தில், ஜெபமாலை சொல்லிக்கொண்டே. திரும்பி வந்து இறங்கியதும், "ஓடுதுங்க, எனக்கே ஆச்சரியமா இருக்கு," என்று சாவியைக் கொடுப்பார். வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.