தோற்றவர் எழுதும் நான்கு வரி

ரோலண்ட் பாஸ்டர்னிக்கின் மகள் டெஸ்ஸா வருஷத்துக்கு ஒரு முறைதான் அவருக்கு எழுதுவாள். அதுவும் அவரிடம் தோற்றால்தான்.

ஏரிக்கரையில் இருக்கும் எரி என்ற நகரத்தின் தெற்கு ஓரத்தில், தீயணைப்பு வீரர் மன்றத்து மதுக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக ஒரு ஃபேண்டஸி லீக் நடக்கிறது. பன்னிரண்டு பேர். ஆகஸ்ட் கடைசியில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ வீரர்களைப் பெயரளவில் ஆளுக்குப் பதினைந்தாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த வீரர்கள் நிஜ மைதானத்தில் ஓடுகிற ஒவ்வொரு கெஜத்துக்கும் இங்கே புள்ளி விழும். வாரத்துக்கு ஒருவரோடு மோதல். பதினைந்து பேரில் ஒன்பது பேரைத்தான் இறக்கலாம், மீதிப் பேர் பெஞ்சில். இந்த வாரம் யார் யாருக்கு எதிராக ஆடுகிறான், அந்த அணியின் தற்காப்பு எந்தப் பக்கம் ஓட்டை, மைதானத்துக்குக் கூரை உண்டா இல்லையா என்று பார்த்து இறக்குகிறவன் பிழைப்பான். பெயரைப் பார்த்து இறக்குகிறவன் அடி வாங்குவான்.

ரோலண்ட் பெயரைப் பார்க்கிற ஆள் இல்லை. அறுபத்தொரு வயது. முப்பது வருஷமாக ஊராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். காற்று எந்த வேகத்தைத் தொட்டால் பந்து எறிபவனை நம்பக் கூடாது என்பது அவருக்குத் தொலைக்காட்சியில் பேசுகிறவர்களைவிட நன்றாகத் தெரியும். பருவத்துக்கு ஒரு நோட்டு. சமையலறை மேஜையில் அந்த நோட்டை விரித்துவைத்து எட்டு வயது டெஸ்ஸாவை மடியில் உட்கார்த்தி, “இவன் பெரிய ஆளு. சரி. இந்த வாரம் யாருக்கு எதிரா?” என்று கேட்டுக் கேட்டே வளர்த்தார். இருபது வயதில் லீக்கில் ஓர் இடம் காலியானபோது அவளைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. நாட்டின் மறுகோடியில், போர்ட்லாந்தில் இருக்கிறாள்.

பேச்சு நின்று நான்கு வருஷம் ஆகிறது. மனைவி லோரெய்ன் இறந்தது ஒரு பிப்ரவரியில். விமானம் மாற வேண்டிய சிகாகோவில் பனி கொட்டி விமானங்கள் நின்றுபோய், டெஸ்ஸா வந்து சேர்ந்தபோது தேவாலயத்தில் எல்லாம் முடிந்திருந்தது. கீழ்த்தளத்தில் காகிதத் தட்டுகளில் ஹாம் சாண்ட்விச் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கோட்டுகூடக் கழற்றாமல் நின்றவளைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், “எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றதுன்னா உனக்கு நல்லா வரும்” என்றார் ரோலண்ட். அவள் கீழே வைத்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். பனி என்ன செய்யும் என்று அந்த அறையில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர். அது அவருக்கு அன்று சாயங்காலமே உறைத்தது. உறைத்ததை அவளிடம் சொல்லத்தான் வரவில்லை.

அதற்குப் பிறகு தொலைபேசியை அவள் எடுப்பதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் இல்லை. ஃபுட்பால் விஷயமாக ஏதாவது அனுப்பினால் மட்டும் எப்போதாவது ஒரு ‘சரி’, ஒரு ‘நன்றி’ வரும். லீக்கை அவள் விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இருந்தார்.

லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் வென்றவரைப் புகழ்ந்து நான்கு வரி எழுதி இணையத்தில் லீக்கின் பொதுப் பக்கத்தில் போட வேண்டும். முதலில் இது வெறும் கேலிக்கு ஆரம்பித்தது. பலர் எழுதாமல் டிமிக்கி கொடுப்பார்கள். அப்பா மகள் பேச்சு நின்ற வருஷம், ஆகஸ்ட் கூட்டத்தில் ரோலண்ட் எழுந்து நின்றார். எழுதாதவருக்கு அடுத்த நிமிஷமே இடம் போக வேண்டும் என்றார். யாரும் அவ்வளவு கறாராகப் பேசி அவரைப் பார்த்ததில்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். டெஸ்ஸா போர்ட்லாந்திலிருந்து ‘சரி’ என்று ஒரு சொல்லில் வாக்களித்தாள்.

அப்பாவும் மகளும் அட்டவணையில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மோதுவார்கள். முதல் வருஷம் அவர் தோற்றார். அடுத்த வருஷம் அவள் தோற்றாள், எழுதினாள். ‘ஏரிக் காற்றைப் பார்த்து ஆளை இறக்கினார். நான் பெயரைப் பார்த்து இறக்கினேன். இது எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தந்த பாடம். நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை.’ அதை அச்செடுத்த தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் இருக்கிறது. போன வருஷம் மறுபடி அவர் தோற்றார். செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ‘டெஸ்ஸா, அன்றைக்கு’ என்று தொடங்கி அழித்து, கடைசியில் அவளுடைய தற்காப்பு வரிசையைப் பாராட்டி நான்கு வரி எழுதினார். எழுதச் சந்தர்ப்பம் கிடைத்தும் எழுத வராதவர் என்ன செய்வார்? இந்த வருஷம் ஜெயித்துவிட வேண்டும், அவளே எழுதட்டும் என்று இருந்தார்.

மோதல் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை நோட்டை விரித்து, லீக் பக்கத்தில் அவளுடைய வரிசையைப் பார்த்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டது வென்டல் ஸ்ட்ரூட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் குறி. ஸ்ட்ரூட் பந்தை ஏந்தி ஓடுகிறவன். முழங்கால் கிழிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, இந்தப் பருவத்தில் இனி ஆடமாட்டான். அவனை அவள் இன்னும் ஒன்பது பேரில் வைத்திருந்தாள். பெஞ்சில் நல்ல காலோடு ஒரு புதுப் பையன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

மாற்றிவிடுவாள் என்று நினைத்தார். வியாழக்கிழமையும் மாற்றவில்லை. முந்தைய வாரங்களைப் புரட்டிப் பார்த்தார். மூன்று வாரமாக அதே ஒன்பது பேர், அப்படியும் மூன்று வாரமும் ஜெயித்திருக்கிறாள். நடுவில் ஒரு வாரம் ஓய்வில் இருந்த அணியின் வீரன்கூட அப்படியே நின்றிருக்கிறான். வேலை அதிகம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நோட்டை மூடினார்.

வெள்ளிக்கிழமை மதியம் மன்றத்தில் மீன் வறுவல். லீக்கை நடத்துகிற மார்வ் யேகர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருப்பவர்.

“உன் பொண்ணோட வரிசையப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஸ்ட்ரூட் உள்ள நிக்கிறான்டா.”

“பாத்தேன்னு சொன்னேன்ல.”

“அவகிட்ட சொன்னியா?”

ரோலண்ட் மீனின் முள்ளைப் பிரித்தார். எதிராளியின் வரிசையில் ஆடாத ஆள் நின்றால் ஆட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எந்த விதியிலும் எழுதாதது. ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் யாரும் மீறியதில்லை. பரம எதிரிக்கும் சொல்வார்கள்.

“சொல்றேன்” என்றார்.

அடுத்த மேஜையிலிருந்து, லீக்கில் இன்னொருவனான டிக்கி திரும்பினான். வாய் சும்மா இருக்காது. “எதுக்குச் சொல்றே? ஒம்பது பேரோட வந்தா அவ உன்னைத் துவைச்சுக் காயப்போடுவா. எட்டுப் பேரோட வந்தாத்தான் உனக்கு ஒரு வழி இருக்கு.”

மதுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வாண்டா, “டிக்கி, உன் தட்டுல மீன் இருக்கு. வாயை அதுல வை” என்றாள்.

“நான் அவன் நல்லதுக்குச் சொல்றேன்மா.”

“உன் நல்லதையே உனக்குச் சொல்லிக்கத் தெரியல. பத்தாவது இடத்துல இருக்கே.”

மார்வ் சிரிக்கவில்லை. “ரோலி, இன்னிக்கே சொல்லிடு” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ஏரிப் பனி கொட்டியது. விடிந்ததிலிருந்து மூன்று மணி வரை லாரியில் இருந்தார். மத்தியானம் கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தி, கையுறையைப் பல்லால் கழற்றி, அவள் எண்ணைத் திறந்து அடித்தார். ‘ஸ்ட்ரூட் ஆடமாட்டான். மாத்து.’ அனுப்பினால் அவள் மாற்றுவாள். அந்தப் புதுப் பையன் இந்த வாரம் ஆடப்போவது நாட்டிலேயே மோசமான தற்காப்புக்கு எதிராக. பதினைந்து புள்ளி நிச்சயம். அவள் ஜெயிப்பாள். பதிலுக்கு ஒரு ‘நன்றி’ வரும். செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி அந்த மேஜையில் உட்கார்ந்து, எழுத வராத நான்கு வரியை எழுத வேண்டும். அனுப்பாவிட்டால் அவள் எழுதுவாள். நான்கு வரி, அவள் கையால். தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு அன்று ஆடாதவர்களின் பட்டியல் வரும். மன்றத்தில் எல்லோரும் பெப்பரோனி இறைச்சி அடைத்த ரொட்டி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் குனிந்திருந்தார்கள். டெஸ்ஸாவின் வரிசையில் ஸ்ட்ரூட் அப்படியே நின்றான். ரோலண்ட் தன் வரிசையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். பந்து பிடிப்பதில் கெட்டிக்காரனான கேலன் மூடி என்பவனை எல்லோரும் இறக்கச் சொன்னார்கள். எதிர் அணி அவ்வளவு பலவீனம். ஆனால் ஆட்டம் அதே ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோவில், காலையில் அவர் வண்டிக் கண்ணாடியில் பனி விழுந்த சாய்வை வைத்துப் பார்த்தால் மத்தியானம் காற்று இருபத்தைந்து மைலைத் தாண்டும். மூடியை உட்கார்த்திவிட்டு, ஹோலிஸ் கிரிம் என்ற குட்டையான ஓட்டக்காரனை இறக்கினார்.

“பைத்தியமா உனக்கு?” என்றான் டிக்கி.

மூடி அன்று மூன்று புள்ளி எடுத்தான். கிரிம் பத்தொன்பது. அந்தப் பருவத்திலேயே அந்த லீக்கில் யாரும் அவ்வளவு நுட்பமாக ஆளை இறக்கவில்லை. நான்கு மணிக்குப் பிறகு ஆடவேண்டியவர்களும் ஆடி முடித்தபோது ரோலண்ட் ஆறு புள்ளியில் ஜெயித்திருந்தார். ஸ்ட்ரூட்டின் இடத்தில் பூஜ்யம். பெஞ்சில் இருந்த புதுப் பையன் பதினான்கு எடுத்திருந்தான்.

“எட்டுப் பேரை ஒம்பது பேரால அடிச்ச வீரனுக்கு ஒரு பீர் குடும்மா” என்றான் டிக்கி. வாண்டா பீரை வைத்தாள். வைத்துவிட்டு ரோலண்டின் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

திங்கட்கிழமை எதுவும் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். போன தடவையும் அவள் செவ்வாய்க்கிழமைதான் எழுதினாள். செவ்வாய்க்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, பனி கூடினால் கூப்பிடுங்கள் என்றார். காபி போட்டு மேஜையில் உட்கார்ந்தார். பொதுப் பக்கத்தில் தோற்ற மற்ற ஐந்து பேரும் எழுதிவிட்டார்கள். டிக்கி தன்னை வென்றவனின் தொப்பையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தான். பதினொன்றே முக்காலுக்கு மார்வ் அழைத்தார்.

“ரோலி, அவ நவம்பர் ஒம்பதுக்கு அப்புறம் லீக் பக்கத்துக்குள்ளயே வரலடா. நடத்துறவனுக்கு அது தெரியும். உனக்குச் சொல்லணுமா வேணாமான்னு இருந்தேன்.”

“போன் பண்ணிப் பாரேன்.”

“இப்பத்தான் பண்ணேன். எடுத்தா.”

ரோலண்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இனிமே ஆட மாட்டேன்னு சொன்னா. தானா விலகறேன்னு சொல்ல மனசு வரலையாம். எழுதலன்னா இடம் போயிடுமே, அப்படியே போகட்டும்னா.”

“வேற?”

“விடுடா.”

“வேற என்ன சொன்னா?”

மார்வ் தொண்டையைச் செருமினார். “மத்தவங்க சொல்லியும் ஸ்ட்ரூட்டை ஏம்மா அப்படியே வச்சிருந்தேன்னு கேட்டேன். அப்பா பாத்திருப்பாரேன்னா. எல்லாரோட வரிசையையும் பாப்பாரே, சொல்றாரா பாக்கலாம்னு இருந்தேன்னு சொன்னா. அவ்வளவுதான்.”

குளிர்பெட்டி கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது.

“மார்வ், இந்த ஒரு தடவை விதியை விடு. அவ பேர் இருக்கட்டும். அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் சும்மா இருக்கட்டும்.”

“பெர்னிக்கு நாம விட்டோமா? பித்தப்பை எடுத்துட்டு ஆஸ்பத்திரில கிடந்தான். எழுத மறந்துட்டான். நான் பாவம்னேன். விதின்னா விதின்னு நீதான் சொன்னே. அன்னிக்கு அவனை லீக்கை விட்டு அனுப்பினோம், இன்னும் மன்றத்துப் பக்கமே வரல அவன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதோட, அவளே வேணாங்கறா. பேரை மட்டும் வச்சு நீ என்னடா பண்ணப்போறே?”

பன்னிரண்டு மணிக்கு டெஸ்ஸாவின் பெயர் பக்கத்திலிருந்து போயிற்று. அந்த இடத்தில் ‘காலி’ என்று வந்தது. அவளுடைய பதினைந்து பேரும், ஸ்ட்ரூட் உட்பட, யாருக்கும் சொந்தமில்லாதவர்கள் பட்டியலுக்குப் போனார்கள். புதுப் பையனை ஐந்து நிமிஷத்துக்குள் டிக்கி எடுத்துக்கொண்டான்.

ரோலண்ட் நோட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினார். ‘அன்றைக்கு சிகாகோவில் பதினான்கு அங்குலப் பனி. எனக்கு அது தெரியும். நீ தாமதமாக வரவில்லை. நான் சொன்னது தப்பு.’ எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான்கு வருஷமாக எழுத வராதது. அதை அப்படியே அவளுக்கு அனுப்பலாம் என்று தொலைபேசியில் அவள் எண்ணைத் திறந்தார்.

எழுதும் கட்டத்தில் சனிக்கிழமை அடித்தது அப்படியே நின்றிருந்தது. ‘ஸ்ட்ரூட் ஆடமாட்டான். மாத்து.’

அதை அழித்தால்தான் வேறு எழுத முடியும். பெருவிரலைத் திரைக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கிடங்கிலிருந்து அழைப்பு வந்து அந்த வரியை மறைத்தது. பனி கூடிவிட்டது, மேற்குப் பாட்டை மூடப்போகிறது, உடனே வா என்றார்கள். வருகிறேன் என்றார். அழைப்பு முடிந்ததும் அந்த வரி திரும்ப வந்து நின்றது. அவர் அதை அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூட்ஸை மாட்டக் குனிந்தார்.