பத்துச் செடிக்கு ஒன்று

இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு இலைக் கொப்புள நோயைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். எல்லாச் செடியையும் பார்க்க முடியுமா? ‘ஆர்’ என்ற கணினி மொழியில் ஒரு வரி தட்டினேன். 1, 11, 21, 31 என்று சம இடைவெளியில் எண்கள் வந்து விழுந்தன. வரிசைதோறும் அந்த எண்ணுள்ள செடிகளை மட்டும் பார்த்தால் போதும்.

மூன்று நாள் மழை, அட்டைக்கடி. பார்த்த செடியிலெல்லாம் நோய். தோட்டம் முழுக்க மருந்தடிக்கச் சொல்லி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கும் செல்வி கேட்டார்:

“ஏன் சார், மரத்தடிச் செடியாப் பாத்துப் பாத்து நிக்கிறீங்க? வெயில் படுற செடியெல்லாம் நல்லாத்தான இருக்கு?”

“நானா பாத்து நின்னேன்? கம்ப்யூட்டர் குடுத்த நம்பர்! உங்க வேலையப் பாருங்க” என்று சீறினேன்.

சீறிவிட்டு நிமிர்ந்தால், நிழல்மரங்களையும் முதல் செடியிலிருந்து பத்துச் செடிக்கு ஒன்றாகத்தான் நட்டிருக்கிறார்கள்! என் எண் ஒவ்வொன்றும், ஈரம் காயாமல் நோய் பிடிக்கும் மரத்தடியிலேயே போய் நின்றிருக்கிறது. மூன்று நாளும் எண்கள் இருந்த தாளைத்தான் பார்த்தேன், தலையைத் தூக்கவே இல்லை.

அறிக்கையைக் கிழித்தேன். சம இடைவெளி இல்லாதபடி எண்களைக் கலைத்துப் போட்டு மறுபடி நடந்தேன். நோய் மரத்தடிகளில் மட்டுந்தான் இருந்தது.

இன்றும் அந்த வரியைத் தட்டும்போதெல்லாம் என்மேலேயே எரிச்சல் வருகிறது. தேவையில்லாத அந்த மருந்தை அடித்திருந்தால், அதில் கைவைத்துக் கொழுந்து கிள்ளியிருக்க வேண்டியவர் செல்வி. அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.