கற்பூரம் அணைத்த சத்தியம்

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் என் கணவருக்குக் காலையில் கண்கள் வீங்கி, கீழே பை தொங்கும். ஊரில் சாராயக்கடை திறந்த சமயம் அது. குடிக்கிறார் என்றே முடிவுகட்டினேன்.

"நான் குடிக்கலம்மே" என்றார்.

நம்பாமல் அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், ஊரார் முன்னால், இனி குடிக்கமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தேன். வீக்கம் வடியவில்லை; காலுக்கும் இறங்கியது.

பொன்னேரி டாக்டர் அவர் காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"கிட்னிக் கோளாறும்மா. உப்பு ஆகாது. என்ன சமைச்சுப் போடறே?"

தினமும் கருவாட்டுக் குழம்பு வைத்தவள் நான்.

வெளியே வந்ததும், "குடிக்காத ஆளு ஏன்யா சத்தியம் பண்ணே?" என்றேன்.

"அழுதழுது உன் கண்ணும் வீங்கிக்கினு இருந்துச்சு. அதான்."

இன்றும் அந்தக் கோயிலில் கற்பூரம் ஏற்றினால் தலை குனிந்துகொள்கிறேன். பக்தி என்று நினைக்கிறார்கள்.