கரை ஏற்றிப் பார்த்த கார்

மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். இது எந்த ஊரிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. வாங்கப்போகிற ஜோடியை வண்டியில் பூட்டி, நாலு மூட்டை நெல்லை ஏற்றி, ஏரிக்கரை மேட்டில் பாதி தூரம் ஓட்டி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நின்ற இடத்திலிருந்து மறுபடியும் இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போனால்தான் அது மாடு. முட்டி போட்டாலோ, பின்னால் வழுக்கினாலோ, கயிற்றை உரியவர் கையில் கொடுத்து, ‘போய் வாங்க’ என்று சொல்லிவிடுவார்கள். கரை ஏற்றிப் பார்ப்பது என்று இதற்குப் பெயர்.

எங்கள் அப்பா இதில் பெரிய கை. அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பொன்னேரியைச் சுற்றி யார் மாடு வாங்கினாலும் நைனாவை அழைத்துப் போவார்கள். அவர் கரைமேல் நின்று, துண்டைத் தோளில் மாற்றிப் போட்டால் மாடு தேறிவிட்டது என்று அர்த்தம். தலையில் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் மாட்டுக்காரர் பேசாமல் ஊர் போய்ச் சேரலாம்.

அப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்க வேண்டி வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தரிசு நிலங்களில் கம்பி வேலி போட்டு, தகரக் கொட்டகை எழுப்பி, ஃபேக்டரி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். என் அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்து டிரைவிங் லைசென்ஸ் கையில் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கட்டட கான்டிராக்டர் ஒருவர், பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து இரண்டு என்ஜினியர்களைக் காலையில் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விட ஒரு வாடகைக் கார் தேடிக்கொண்டிருந்தார். “சொந்த வண்டியோட ஒண்ணாந் தேதி வந்து நில்லு, வேலை ஒனக்கு” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். வராவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். அண்ணனுக்கும் அப்புறம் வேறு வழியில்லை. பொதட்டூர்பேட்டையில் சித்தப்பா நடத்துகிற அரிசி மில்லில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்காரவேண்டும். மில்லுக்கு ஒருமுறை போய்வந்த அண்ணன் நாலு நாள் தும்மிக்கொண்டே இருந்தான். அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் நைனா கார் வாங்கச் சம்மதித்தார் என்று அம்மா சொல்வாள்.

கார் பார்க்கும் பொறுப்பு மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டியவர். எந்த ஊர்ப் பேச்சு வந்தாலும், “அந்த ஊர் டீ எனக்குத் தெரியும்” என்று ஆரம்பிப்பார். ஒரே வாரத்தில் இரண்டு பழைய கார்களைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஒன்று அமெரிக்க வண்டி. எந்தக் காலத்திலோ ஒரு ஜமீன் வீட்டுக்காகக் கப்பலில் வந்து இறங்கியதாம். ஊர்வலத்தில் மாப்பிள்ளையை உட்காரவைத்து உட்காரவைத்து அதற்கே ஒரு மாப்பிள்ளைக் களை வந்திருந்தது. கடல் பச்சை நிறம். முன்னால் வரிசையாக வெள்ளிப் பல். ஆறு சிலிண்டர். இன்னொன்று, பொன்னேரியில் வயதான டாக்டர் ஒருவர் வைத்திருந்த சின்ன இங்கிலீஷ் கார். தவிட்டு நிறம். கவிழ்த்துப்போட்ட சட்டி மாதிரி உருண்டையாக இருக்கும். அதன் சிலிண்டர்களை மாமா எண்ணிச் சொல்லக்கூட மறுத்துவிட்டார்.

“அத்த இன்னாத்துக்குக் கேக்கறே? அதுக்குள்ள கீறது என்ஜின் இல்ல, தையல் மிஷினு.”

நான் நாலாம் வகுப்பு. எனக்குப் பெரிய வண்டிதான். அந்த வெள்ளிப் பல்லில் என் முகம் ஏழெட்டாகத் தெரிந்ததைப் பார்த்த பிறகு வேறு என்ன சொல்வேன்? பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லியும்விட்டேன்.

வீட்டில் பேச்சு நடந்தது. பிள்ளை புதிதாகக் கற்றவனாயிற்றே, இவ்வளவு பெரிய என்ஜின் ஆகுமா என்று நைனாவுக்கும் ஒரு யோசனை இருக்கத்தான் செய்தது. மாமா விடவில்லை.

“பவரு கீற வண்டிதான் பத்திரம். லாரி எதுக்க வருது, சடார்னு ஒதுங்கணும், அப்ப என்ஜின் மூச்சு வாங்கிக்கினு நின்னா இன்னா ஆவும்? நாளைக்கு ஊர்ல இன்னா சொல்லுவான்? மாட்டுல சிங்கம் வாங்குறவரு, புள்ளைக்கு ஆட்டுக்குட்டி வாங்கிக் குடுத்தாருன்னு சொல்லுவான்.”

கடைசி வார்த்தை வேலை செய்துவிட்டது. நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பேசி இன்னாடா ஆவப்போவுது? ரெண்டையும் கொண்டா. கரை ஏத்திப் பாத்துடலாம்.”

மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. அறுவடை முடிந்து ஏரியில் தண்ணீர் உள்வாங்கி, கரையை ஒட்டிச் சேறும் கோரையுமாகக் கிடந்தது. காரைக் கரை ஏற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர் பாதி வந்துவிட்டது. நைனா முறை தவறாதவர். நாலு மூட்டை நெல் வந்தது. பெரிய வண்டியின் பின் சீட்டில் மூன்றும் டிக்கியில் ஒன்றும் வைத்தார்கள். முன் சீட்டு எங்கள் வீட்டுப் பெஞ்சு மாதிரி அகலம். அண்ணன் ஸ்டீரிங்கில், மாமா ஓரத்தில், நடுவில் நான். நான் ஏறியதை நைனா கவனிக்கவில்லை. கவனித்த மாமா கண்ணடித்தார்.

பாதி மேடு வரை வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஏறியது. “நிறுத்து” என்று கரைமேலிருந்து நைனா கையைக் காட்டினார். அண்ணன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. முன்னால் வெறும் வானம் தெரிந்தது.

“இப்ப எடு. கிளட்ச்ச வுட்டுக்கினே மெதுவா ஆக்சிலேட்டரக் குடு” என்றார் மாமா.

அண்ணன் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்ததும் வண்டி ஒரு சாண் பின்னால் போனது. அதில் பதறிவிட்டான். மறுகணம் ஆறு சிலிண்டரும் ஒன்றாக உறுமின. வண்டி மேலே பாய்ந்தது. நைனா ஒருபக்கம் குதித்தது எனக்கு ஜன்னலில் தெரிந்தது. கரை உச்சி வந்தது, போனது, அந்தப் பக்கம் இறங்கிவிட்டோம். கோரையைச் சாய்த்துக்கொண்டு போய், முன் சக்கரம் இரண்டும் சேற்றில் புதைய வண்டி நின்றது. பின்னால் ஒரு மூட்டை பிரிந்து நெல் என் தலைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

முதலில் பேசியவர் மாமா. “பாத்தியா பவரை?”

அந்த நேரம் பார்த்து, தலையில் கூழ்ப்பானையோடு அம்மா கரைமேல் வந்தாள். பானையை இறக்கி வைத்துவிட்டு, சேற்றில் இறங்கி நேராக அண்ணன் பக்கம் போனாள். அவன் இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்களை விடவில்லை. அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பெருமையில் அவனுக்கு வாயடைத்துப்போய்விட்டது என்று நான் நினைத்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, பறந்து வந்தது போல.

வண்டியைச் சேற்றிலிருந்து எடுக்க எங்கள் வீட்டு மாட்டு ஜோடியைக் கொண்டுவந்து பூட்டினார்கள். ஆறு சிலிண்டரை இரண்டு மாடு இழுத்துக்கொண்டு போன காட்சியைப் பார்த்து ஊர் சிரித்தது. “சேத்துல எறங்குனா எந்த வண்டியும் அப்டித்தான்” என்றார் மாமா. நைனாவோ, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். நின்ற இடத்திலிருந்து ஏறியதா இல்லையா? ஏறியது. சாஸ்திரப்படி தேறிவிட்டது. இறங்குவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது சின்ன வண்டி. பிரிந்ததை அள்ளிக் கட்டி, அதே நாலு மூட்டை. பின்னால் இரண்டைத் திணித்து, அவற்றின்மேல் ஒன்றைக் கிடத்தி, நாலாவதை முன் சீட்டில் நிமிர்த்தி வைத்தார் மாமா. அதற்குக் கழுத்தில் ஒரு துண்டும் சுற்றிவிட்டு, “என்ஜினியர் சார் ரெடி” என்றார். அண்ணன் வண்டியை எடுத்தான். பாதி மேடு வரை அது முனகிக்கொண்டு ஏறியது. நிறுத்தினான். மறுபடி எடுத்தான். என்ஜின் ஒரு இருமல் இருமி, அடங்கிப்போய், வண்டி அதே நிதானத்தோடு பின்னாலேயே இறங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை அண்ணன் பதறவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, நேராக அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டாம் முறை ஏற்றியபோது கரைமேல் நின்றவர்கள் இறங்கிவந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். ஊர்ச் சனம் தள்ளித்தான் அது உச்சியைப் பார்த்தது.

நைனா துண்டைத் தலையில் கட்டிவிட்டார். “பெரிசுதான். பேசி முடிச்சிடு.”

அதுவரை கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “வர்றது எத்தினி ஆபீசருங்க?”

“ரெண்டு பேரு” என்றான் அண்ணன்.

“மூட்டை எதுக்கு நாலு?”

நைனாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “இன்னாடி கேள்வி இது? கரை ஏத்தறதுன்னா நாலு மூட்டைதான்.”

“சரி. பொன்னேரிலருந்து கும்முடிப்பூண்டி போற ரோட்ல கரை எங்க கீது?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த ரோடு கோலமாவைக் கொட்டி நிரவிவிட்ட மாதிரி தட்டையானது என்று எல்லாருக்கும் தெரியும். நைனாவுக்கும் தெரியும். பத்து ஜோடி மாட்டுக்குப் பொருந்திய ஒன்று காருக்குப் பொருந்தாமல் போகும் என்று அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு முன்னால் உடனே ஒத்துக்கொள்ள முடியுமா? அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓட்டப்போறவன் நீ. நீ சொல்றா, எது?”

அண்ணன் பெரிய வண்டியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். சுற்றி நின்ற கூட்டாளிகளைப் பார்த்தான். “உங்க இஷ்டம் நைனா” என்றான்.

“அப்ப பெரிசு” என்றார் மாமா.

“எனக்கு பயமா கீது” என்றாள் அம்மா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். “அந்த வண்டி ஊட்டு வாசல்ல நின்னா எனக்குச் சோறு எறங்காது. நான் பயந்தாங்கொள்ளின்னே வச்சிக்குங்க. சின்னது வாங்குனா வாங்குங்க, இல்லாங்காட்டி எதுவும் வேணாம்.”

“பேஜாரு புடிச்ச அக்கா நீ” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணனின் கூட்டாளிகள் அவன் முதுகில் தட்டி, “இன்னாடா, ஒங்கம்மா கெடுத்துட்டாங்களே” என்று துக்கம் விசாரித்தார்கள். அண்ணனும் உதட்டைப் பிதுக்கினான். நைனாவுக்கு இது ஒரு விதத்தில் சௌகரியமாகப் போயிற்று. கணக்கில் தோற்றார் என்று இல்லாமல், பெண்டாட்டிக்காக விட்டுக்கொடுத்தார் என்று ஆனது. சின்ன வண்டியை ஒருதரம் சுற்றிவந்து, பின் மட்கார்டில் இருந்த ஒரு நசுங்கலைத் தடவிப் பார்த்து, “சுழி நல்லா கீது” என்று பெரிய மனதோடு சொல்லி முன்பணம் கொடுக்கச் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் என் மானம் போயிற்று. அன்றிலிருந்து நான் அம்மாவோடு பேசவில்லை. அவள், “தலையக் காட்டு, பின்னி வுடறேன்” என்பாள். நான் காட்டுவேன், ஆனால் பேசமாட்டேன்.

ஒண்ணாந் தேதி அண்ணன் சின்ன வண்டியில் கிளம்பினான். ஸ்டேஷன் வரைக்கும் என்னையும் ஏற்றிக்கொண்டான். பொன்னேரிக்குள் நுழைவதற்குள் ஒரு பஸ் எங்களைத் தாண்டியது. பிறகு ஒரு லாரி. அப்புறம் பால்கேனோடு ஒரு சைக்கிள்காரர் தாண்டினார். அவர் திரும்பிப் பார்த்து மணியும் அடித்தார். நான் சீட்டுக்கடியில் குனிந்து உட்கார்ந்தேன். அண்ணனோ ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு சீட்டி அடித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ரோஷம் செத்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் திரும்பிவந்து நடந்ததைச் சொன்னான். இரண்டு என்ஜினியர்களில் பெரியவர், ஏறிய பத்தாவது நிமிஷம் தூங்கிவிட்டாராம். கும்மிடிப்பூண்டியில் எழுப்பியபோது, இதற்கு முன் வேறொரு வண்டியில் வந்தபோதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததாகவும், இனிமேல் இந்தப் பையன் வண்டிதான் வரவேண்டும் என்றும் கான்டிராக்டரிடம் சொன்னாராம். நைனா இதை மூன்று பேரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாவது ஆளிடம் சொல்கையில், சின்ன வண்டியைத் தேர்ந்தெடுத்ததே தான்தான் என்று ஆகிவிட்டிருந்தது. அம்மா மறுத்துப் பேசவில்லை.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். களத்தில் மிரண்டு ஓடிய காளைக்குப் பயந்து ஆண்கள் எல்லாரும் வைக்கோல்போர் மேல் ஏறிக்கொண்டபோது, எதிரே போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தியவள் அவள். தவலைக்குள் சுருண்டிருந்த நல்லபாம்பை, மூடி போட்டு மூடி, தவலையோடு தூக்கிக்கொண்டுபோய் வெளியில் விட்டுவிட்டு வந்து உலையை ஏற்றியவள். அவளுக்கு ஒரு காரைப் பார்த்து எப்படிப் பயம் வந்தது என்று ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டிலேயே இருந்த எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கரைமேல் பயந்துபோய் நின்றவர் வேறு ஒருவர் என்பதும், பதினெட்டு வயதில் நாலு பேருக்கு எதிரில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதும் ஒன்பது வயதில் எப்படித் தெரியும்?

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் ஒரு காரியம் செய்தான். எங்கள் வீட்டில் ஆம்பளைப் பிள்ளைகள் தாங்கள் சாப்பிட்ட தட்டையே எடுத்துவைத்ததில்லை. அவன் அம்மாவின் எச்சில் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், தொட்டியடியில் குந்தி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுவந்து வைத்தான். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய வண்டிக்குத்தான் இன்னமும் அடி போடுகிறான், அம்மாவுக்கு ஐஸ் வைக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நம்பிக்கை வந்தது. அவள் பார்க்காதபோது, விடாதே என்று அவனுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அவனும் தலையாட்டினான்.