புவனா மிஸ்ஸும் கரவன் போட்ட சத்தமும்

கிளிநொச்சியில் பிக்கப்புக்கு டீசல் அடித்துக்கொண்டு நின்றபோதுதான் புவனா மிஸ்ஸின் மகள் கௌசியின் அழைப்பு வந்தது. “அண்ணை, அம்மா எங்களை விட்டிட்டுப் போயிட்டா. விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சவா. நெஞ்சு நோகுதெண்டு படுத்தவா. பிறகு எழும்பேல்லை.” டீசல் அடித்த தம்பியை ஏனென்று தெரியாமலே நான் ஏசத் தொடங்கிவிட்டேன். பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அழுகை கோபமாகத்தான் வெளியே வரும். இது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். மிஸ்ஸுக்கு மிக நன்றாகத் தெரியும்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் மிஸ்ஸின் முன்னால் உட்கார்ந்து காதைக் காட்டியவர்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் வாங்கி அனுப்பிய கரவன் ஒன்றில், ஊர் ஊராகப் போய் அவர் காது பரிசோதித்தார். அந்தக் கரவனை பிக்கப்பின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு திரிந்த சாரதி நான். வவுனியாவில், நெளுக்குளத்தில் அவரை ஏற்றினால் சில நாள் கொக்கிளாய் வரைக்கும் ஓட்டம் இருக்கும். வழி முழுக்கக் கதைதான். ஆனால் செவி மங்கியவர்களிடம் மட்டும் அவர் குரலை உயர்த்த மாட்டார். கதிரையை இழுத்துப்போட்டு, முகத்துக்கு நேரே இருந்து, ஆறுதலாகக் கதைப்பார். நான் அவர்களிடம் கத்துவதைக் கண்டால் ஏசுவார். “கத்தினால் சத்தம்தான் தம்பி கேக்கும், கதை கேக்காது.”

கரவனில் ஒரு குறை இருந்தது. பிக்கப்பில் ஓர் இரும்பு உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்கிற கொளுவி கரவனில். பின்னால் வருகிற கரவன் ஆடாமல் இருக்க, கொளுவிக்குள் இரண்டு கட்டைகள் அந்த உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். நேர் றோட்டில் ஒரு வில்லங்கமும் இல்லை. ஒடுங்கிய ஒழுங்கைக்குள் மெதுவாகத் திருப்பினால் போதும், கீச்சென்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். “காது பாக்க வாற வாகனமே காதைக் கிழிக்குது!” என்று சனம் பகிடி பண்ணும். மிஸ்ஸும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு விசுவமடுவில் நின்றுபோனது. அங்கே இருக்கிற சரஸ்வதி அக்காவின் காது கடைசிச் சண்டையில் போனது. புருசனைக் கொண்டுபோன அதே செல் குண்டுதான் அவருடைய செவியையும் கெடுத்தது. மிஸ் பொறுமையாக இருந்து இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினார். அக்கா தன் பெயரைக் காதால் கேட்டார், பேத்தியின் சிரிப்பைக் கேட்டார். வாசல் படலைவரை வந்து எங்களை வழியனுப்பினார். நான் கரவனைத் திருப்பினேன். அந்தக் கீச்சல் எழுந்ததும் அக்கா இரண்டு கருவியையும் பிடுங்கி எறிந்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். மிஸ் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். “எனக்கு வேண்டாம் பிள்ளை. செல் வரேக்கையும் இப்பிடித்தான் கூவினது. கேக்காமல் இருக்கிறதுதான் நிம்மதி” என்றார் அக்கா.

அன்று திரும்பும்போது, பரந்தன் தாண்டியதும் மிஸ் சொன்னார். “காதைக் குடுத்தால் மட்டும் போதுமே தம்பி? கேக்கக்கூடியதா ஏதாவது இருக்கவும் வேணுமெல்லோ.”

அடுத்த ஓட்டத்தில் கரவன் வாயே திறக்கவில்லை. ஒழுங்கை, முடக்கு, எங்கேயும் ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ஏதோ நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு பெரிய றோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தேன். பஸ் ஒன்று எங்களை முந்திப் போனது. அந்தக் காற்றில் கரவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசத் தொடங்கியது. பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. பிரேக்கை அமத்தாமல், வேகத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குறைத்து ஒருவாறு ஓரங்கட்டினேன். இறங்கிப் போய்க் கொளுவியைத் திறந்து பார்த்தால், உருண்டை முழுக்கக் கிறீஸ்!

“ஆர் இதுக்குக் கிறீஸ் பூசினது?” என்று றோட்டில் நின்று கத்தினேன். பிடிக்க வேண்டிய கட்டை கிறீஸில் வழுக்கினால் எதைப் பிடிக்கும்?

“நான்தான் பூசினனான்,” என்றார் மிஸ். முகம் வெளிறிப்போயிருந்தது. “எங்கட கதவுக்குப் பூசிறதுதானே எண்டு நினைச்சன்.”

“கதவு றோட்டில ஓடுதே மிஸ்? இப்ப ரெண்டு பேரும் செத்திருப்பம்!”

“ஏசுங்கோ தம்பி, நல்லா ஏசுங்கோ. ஆனா ஏசி முடிச்சிட்டு அந்தச் சத்தத்தை நிப்பாட்டித் தாங்கோ.”

இப்படிச் சொல்கிற ஒருவரிடம் எப்படிக் கோபத்தைப் பிடித்து வைத்திருப்பது? ஊர்ந்து ஊர்ந்து வவுனியா போய்ச் சேர்ந்தோம். உருண்டையைத் தின்னர் போட்டுத் துடைத்து, சாண்ட் பேப்பரால் பளபளவென்று தேய்த்தோம். மிஸ்ஸும் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்த்தார். கிறீஸ் குடித்த கட்டைகளைக் கழற்றி எறிந்தோம். கரவன் அனுப்பியவர்கள் புதுக் கட்டை அனுப்பினார்கள், ஒரு விளக்கமும் சொன்னார்கள். கொளுவியின் மேலே இருக்கிற கைப்பிடியைத் தூக்கிவிட்டால் கட்டையின் இறுக்கம் விடுபடும். ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பும்போது இறுக்கமே தேவையில்லை. பெரிய றோட்டில் ஏறும்போது திரும்ப அமத்தினால் சரி. இவ்வளவுதான் விசயம்.

திரும்ப விசுவமடுவுக்குப் போனபோது, ஒழுங்கை முகப்பில் மிஸ் இறங்கித் தன் கையாலேயே கைப்பிடியைத் தூக்கினார். பிறகு முன்னால் நடந்து போய்ச் சரஸ்வதி அக்காவைப் படலைக்குக் கூட்டிவந்தார். அக்கா மாட்டேன் என்று தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது. மிஸ் அன்று எறிந்த கருவிகளை நீட்டி, அவருடைய முகத்துக்கு நேரே நின்று, “ஒருக்காப் போட்டுப் பாருங்கோ அக்கா. அந்தச் சத்தம் வந்தால் கழட்டி என்ர கையில தாங்கோ. பிறகு உங்கட படலைக்கே நான் வரமாட்டன்” என்று சொல்லியிருக்கிறார். அக்கா பிறகு எனக்குச் சொன்னது இது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அக்கா கருவிகளை மாட்டினார். கரவனை முழுசாய் ஒரு சுற்றுத் திருப்பி நிப்பாட்டினேன். அக்காவின் கை காதுக்குப் போகவில்லை.

“கல்லில சில்லு உருளுறது கேக்குது பிள்ளை,” என்றார். மிஸ் அழுதுவிட்டார். சிரிக்கப் பிறந்த மனிசி, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் ஒழுங்கை முகப்பில் இறங்கிக் கைப்பிடி தூக்குவது மிஸ்ஸின் வேலை. மழையென்றாலும் குடையோடு இறங்குவார். “நான் பாக்கிறன், இருங்கோ மிஸ்” என்றால் விடமாட்டார்.

செத்தவீட்டுக்கு விசுவமடுவிலிருந்து சரஸ்வதி அக்கா வந்திருந்தார். இரண்டு காதிலும் கருவி இருந்தது. பறை முழங்கியது, பெண்கள் குழறி அழுதார்கள். பாடை தூக்கும் நேரம் பெடியள் வெடிக்கட்டை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போனார்கள். “வெடி வேண்டாமடா” என்று போய்ச் சண்டை பிடித்தேன். வழமையை விடேலாது என்று பெரியவர்கள் என்னை அமத்தினார்கள். அக்காவிடம் ஓடிவந்தேன். “அக்கா, வெடி கொளுத்தப் போறாங்கள். கழட்டுங்கோ, கெதியாக் கழட்டுங்கோ.”

அவர் கழற்றவில்லை. “மிஸ்ஸைக் கொண்டு போகேக்க நான் செவிடா நிக்கமாட்டன் தம்பி,” என்றார்.

வெடி தொடங்கியது. அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, என் கையை நகம் பதியப் பிடித்தார். கடைசி வெடி ஓயும்வரை ஒரு கை என் கையில் இருந்தது, மற்றது நெஞ்சில் இருந்தது. காதுப் பக்கம் அது போகவேயில்லை. புவனா மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அக்காவின் அந்தப் பிடியைத்தான்.