துரை படத்துக்குப் பின்னால் கத்திய பல்லி

மனைவியின் மார்பில் இருந்த கட்டி எப்படிப்பட்டது என்று சாயங்காலம் சொல்வதாக டாக்டர் சொல்லிவிட்டார். அவிநாசிக்குத் திரும்பிப் போய்வர மனமில்லை. ஆஸ்பத்திரியில் உட்காரவும் முடியவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம்.

மூக்குடைந்த ஓர் அம்மன் சிலை முன்னால் அவள் செருப்பைக் கழற்றினாள்.

"செத்த பேசாம நில்லுங்க. உத்தரவு கேக்கறேன்."

கேட்டதும் பல்லி கத்தினால் சாமி சம்மதித்துவிட்டது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பனியன் கம்பெனி நடத்தும் நான் இதையெல்லாம் கிண்டல் செய்பவன். அன்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

பல்லி கத்தியது. ஆனால் அம்மன் பக்கமிருந்து இல்லை. எதிர்ச்சுவரில், வாளைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரையின் படத்துக்குப் பின்னாலிருந்து.

அவள் முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க, இது யாரு குடுத்த உத்தரவுங்க?"

"யாரு குடுத்தா என்ன? நல்ல வாக்குத்தான்" என்று எரிந்து விழுந்தேன்.

நானும் செருப்பைக் கழற்றினேன். துரையின் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். பனியன் வாங்க வரும் எந்த வெள்ளைக்காரரையும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை.