ஏழு கிலோ பையும் எதிர்வீட்டு வளையலும்

தனியாக ஊர் சுற்றுகிறவனுக்கு முதல் எதிரி அக்கம்பக்கம். நான் கோலாலம்பூர் போகிற விஷயம் எங்கள் திருச்சி அடுக்குமாடியில் எப்படிப் பரவியதோ, கீழ்வீட்டுக்காரர் தைலம் வாங்கி வரச் சொன்னார், மேல்வீட்டுக்காரர் பூச்சோங்கில் இருக்கும் தன் மச்சானை அவசியம் போய்ப் பார்க்கச் சொன்னார். இருவருக்கும் தலையாட்டிவிட்டு அங்கேயே மறந்துவிட்டேன். என் கொள்கை எளிது. முதுகில் ஒரே பை, ஏழு கிலோ, அதற்கு மேல் விமானத்துக்கு ஒரு பைசா கட்டுவதில்லை. போகிற ஊரில் தெரிந்தவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மிதித்தால் சாப்பாடு போடுவார்கள், சாப்பிட்டால் தங்கச் சொல்வார்கள், தங்கினால் ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை என்று ஆரம்பிப்பார்கள். இதற்கா காசு சேர்த்து வெளிநாடு போவது?

எதிர்வீட்டம்மாவிடம் மட்டும் அந்தத் தலையாட்டல் செல்லுபடியாகவில்லை. புருஷன் வாக்கிங் போன நேரம் பார்த்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மஞ்சள் துணியில் சுற்றிய கண்ணாடி வளையல்கள், பச்சை நிறம், தங்கப்பொட்டு வைத்தவை.

"ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு வளைகாப்பு தம்பி. கிள்ளான்ல, நீ போற கோலாலம்பூருக்குப் பக்கம்தானாம். ஏழாம் மாசம்."

அவர் மகளை எனக்குத் தெரியும். இங்கே கல்லூரியில் படிக்க வந்த மலேசியாப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். தமிழன்தான், ஆனால் சாதி வேறு. அப்பா அன்றைக்கே மகளைத் தலைமுழுகிவிட்டார். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அவர் சட்டைப்பையில். அம்மாவும் மகளும் பேசுவது எப்போதாவது கோயில் வாசலில், பூக்காரம்மாவின் சாதா போனை இரவல் வாங்கி.

"மொதல் வளையல் பொறந்த வீட்டு வளையலா இருக்கணும். இல்லன்னா அத்தனை பேர் முன்னாடி அவ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உட்காருவா? அவ விட்டுட்டுப் போன பழைய வளையலை அளவுக்குக் கொண்டுபோய் வாங்கினேன் தம்பி" என்றார்.

அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அழவில்லை. கிள்ளான் விலாசச் சீட்டோடு டப்பாவை என் மேஜையில் வைத்து, "நீ வருவேன்னு பாப்பாகிட்ட சொல்லிடுறேன்" என்று போய்விட்டார்.

டப்பாவைப் பையின் நடுவில் வைத்து, சுற்றிலும் சட்டை, துண்டு, ஜீன்ஸ் எல்லாம் திணித்து, பிள்ளைத்தாய்ச்சி மாதிரியே பத்திரமாக விமான நிலையம் கொண்டுபோனேன். கவுண்டர்காரப் பெண் பையைத் தராசில் வைக்கச் சொன்னாள். எடை ஏழைத் தாண்டியது. கூடுதல் எடைக்குப் பணம் கட்டுங்கள் என்றாள். நானாவது, கட்டுவதாவது! வரிசையை விட்டு விலகி நின்று, ஜீன்ஸ் மேல் ஜீன்ஸ், சட்டை மேல் சட்டை, அதற்கு மேல் ஜெர்கின் என்று எல்லாவற்றையும் உடம்பில் மாட்டிக்கொண்டேன். துண்டைக் கழுத்தில் போட்டேன். எடை இறங்கியது. வெற்றி வீரனாக விமானம் ஏறினேன். தலைக்கு மேலே ஆளாளுக்குப் பெட்டியை இடித்துத் தள்ளினார்கள். காலியான பைக்குள் டப்பா உருண்டுகொண்டிருந்தது என் மூளைக்கு எட்டவேயில்லை.

கோலாலம்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் எட்டுப் பேர் படுக்கிற ஒரு அறையில் எனக்கு மேல்கட்டில். மறுநாள் காலை டப்பாவைத் திறந்தேன். மஞ்சள் துணியைப் பிரித்ததும் படுக்கை விரிப்பெல்லாம் பச்சைச் சில்லு. நாலைந்து வளையல்தான் முழுசாக இருந்தது. எனக்கு சகுனத்தில் நம்பிக்கை கிடையாது, எதிர்வீட்டில் உண்டு. வளைகாப்புக்கு அனுப்பிய வளையல் உடைந்தது என்று கேட்டால் அந்தம்மா அன்றைக்கே பாதி செத்துவிடுவார்.

நல்லவேளை, நான் இருந்தது பிரிக்ஃபீல்ட்ஸில். கீழே இறங்கினால் பூமாலை, ஜவுளி, பலகாரம், வளையல். சில்லுகளைக் குப்பையில் போட்டுவிட்டு முதலில் கண்ணில் பட்ட வளையல் கடைக்குள் நுழைந்தேன்.

"என்ன சைஸ் பொஸ்?" என்றாள் கடைப்பெண். அங்கே வாடிக்கையாளர் எல்லோரும் 'பாஸ்'தான்.

வளையலுக்கு சைஸ் உண்டென்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அளவுக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரவும் தோன்றவில்லை.

"நார்மல்தான்."

"நார்மல்னா?"

"சாதாரண மனுஷங்க போடுறது."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு வளையலை எடுத்து வைத்தாள். அதே பச்சை இல்லை. சிவப்பு இருந்தது, வாங்கிவிட்டேன். முழுசாக மிஞ்சிய பச்சையை அடியில் வைத்து, சிவப்பை மேலே அடுக்கி, மஞ்சள் துணியை மறுபடி சுற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்துமலை போவதாகத் திட்டம். அதை விட்டுவிட்டுக் கிள்ளானுக்கு கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறினேன். டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். வாசலில் நீட்டிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. எனக்கே சிரிப்பு வருகிறது. வீட்டின் முன்னால் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். பெண்ணின் மாமியார் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. பசியாறிட்டீங்களா? ரயில்லயா வந்தீங்க? போன் அடிச்சிருந்தா கார் அனுப்பியிருப்போமே, என்னா லா நீங்க!" லா இல்லாமல் அந்த ஊரில் பேச்சு முடியாது. பதில் சொல்வதற்குள் உள்ளே திரும்பிக் கத்தினார். "பொண்ணு வீட்டுலேர்ந்து ஆளு வந்தாச்சு!"

அந்தப் பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வெறும் கை. நல்ல நேரம் ஆரம்பித்தும் யாரையும் வளையல் போடவிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் அவள் கண் என் முகத்துக்கு வரவில்லை, நேராக டப்பாவுக்குப் போனது. நான் அதுவரை வேண்டாவெறுப்பாகத்தான் வந்திருந்தேன். அந்தப் பார்வைக்குப் பிறகு டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினேன்.

மாமியார் ஒரு சிவப்பு வளையலை எடுத்து அவள் கையில் போட்டார். கை நன்றாக வீங்கியிருந்தது. ஆனாலும் தடையில்லாமல் ஏறியது. இன்னொன்று. அதுவும் ஏறியது.

"அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? கை வீங்கியிருக்குன்னு நான் சொல்லவே இல்லையே!" என்றாள். சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது.

"பெத்தவளுக்குத் தெரியாதா லா!" என்றது பெண்கள் கூட்டம். ஒரு ஆன்டி மூக்கை உறிஞ்சினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவப்பு தீர்ந்து பச்சை வந்தது. பச்சை அவள் கட்டைவிரல் எலும்பிலேயே நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தார்கள், அழுத்திப் பார்த்தார்கள். "சின்ன சைஸ் கலந்துட்டான் போல கடைக்காரன்" என்று யாரோ சொன்னார்கள். அவள் பச்சை வளையலை உள்ளங்கையில் வைத்துத் தங்கப்பொட்டைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்ப்பதற்கும் ஒரு அளவுண்டே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சோப்பு கொண்டுவரச் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு பச்சையை இடது கையில் ஏற்றிவிட்டாள்.

எலுமிச்சை சாதம், புளி சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் மூச்சுமுட்டத் தின்ன வைத்தார்கள். எதிர்பார்த்தபடியே கல்யாணத்தைப் பற்றியும் கேட்டார்கள். கிளம்பும்போது அவள் வழியனுப்பக் கூடாரம்வரை வந்தாள்.

"எத்தனை உடைஞ்சுதுண்ணே?"

"கொஞ்சம்தான் மிச்சம்" என்றேன். விமான நிலையத்தில் நான் போட்ட வேஷத்தையும் சொன்னேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தப் பச்சையைச் சுழற்றப் பார்த்தாள், அது அசையவில்லை.

"எங்கம்மா மனசுல என் கை இன்னும் காலேஜ் போன கையாவே இருக்கு" என்றாள். "உடைஞ்சதைச் சொல்லிடாதீங்க, பயந்துரும். எல்லாம் சுளுவா ஏறுச்சுன்னு சொல்லுங்க."

சரி என்றேன். நான் மனிதர்களைப் படம் எடுப்பதில்லை, கோபுரமும் குகையும்தான் எடுப்பேன். அன்றைக்கு என்னவோ, கையை மட்டும் நீட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

திருச்சி திரும்பிய சாயங்காலமே, புருஷன் வாக்கிங் போனதும் எதிர்வீட்டம்மா வந்துவிட்டார். கிள்ளான் எப்படி, மாமியார் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

"வளையல் ஏறுச்சா?"

"எல்லாம் சுளுவா ஏறிடுச்சும்மா" என்றேன், சொல்லிக்கொடுத்தபடி.

அவர் முகம் விழுந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சுளுவாவா? மாசமா இருக்கிறவளுக்கு அது இறுக்கிப் பிடிச்சிருக்கணுமே தம்பி. நானே கடையை விட்டு வந்த பொறவுதான், ஐயோ ஒரு சைஸ் பெருசா எடுத்திருக்கலாமேன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். சுளுவா ஏறுச்சுன்னா... அவ சாப்பிடுறாளா இல்லையா? அங்க அவளைப் பட்டினி போடுறாங்களா? மறைக்காம சொல்லுப்பா."

என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்வேன். போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். உடைந்ததையும் சொன்னேன்.

அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். வளையலைப் பார்க்கவில்லை. வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார், கையில் ஏறியிருந்த சதையைப் பார்த்தார். கடைசியாகச் சிவப்புகளை அடுத்திருந்த அந்த ஒற்றைப் பச்சையிடம் வந்து, அது அழுந்திப் பிடித்திருந்த இடத்தைத் திரைமேல் தடவினார்.

"இது ஒண்ணுதான் என்னோடதா?"

"ஆமாம்மா."

"வலிச்சிருக்குமே" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

"நல்லவேளை, மிச்சத்தை உடைச்சே."